மூட் டிராக்கர் செய்வோம்: ஏஐ துணையோடு, முதல் முறை நிரல் எழுதுபவர்களுக்கு

செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடும் மாணவர்களில் பலர் மூட் டிராக்கரில், அதாவது அன்றாட மனநிலையைக் குறித்துவைக்கும் செயலியில், வந்து நிற்கிறார்கள். நல்ல தலைப்புதான். ஆனால் முதல் நாளே சாட்பாட் வேண்டும், அது ஆறுதல் சொல்ல வேண்டும், மன அழுத்தம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கவும் வேண்டும் என்று திட்டம் போட்டால், மூன்றாம் நாள் எதுவுமே ஓடாது. நாம் சின்னதாகச் செய்வோம். கணக்குப் போடுவது நிரலின் வேலை. வந்த விடையை இரண்டு வாக்கியமாகச் சொல்வது மட்டும் ஏஐயின் வேலை.

தேவையானவை: பைத்தான், 8 ஜிபி ராம் உள்ள லேப்டாப், திரையை வடிவமைக்க ஸ்ட்ரீம்லிட் என்ற பைத்தான் நூலகம், தரவைச் சேமிக்க எஸ்க்யூலைட் என்ற சிறிய தரவுத்தளம். கடைசியாகச் சொன்னது பைத்தானோடே வந்துவிடும். உங்கள் தரவு முழுவதும் ஒரே கோப்பில் அடங்கிவிடும்.

படி 1: கேள்விகளைத் தாளில் எழுதுங்கள்

லேப்டாப்பை இன்னும் திறக்க வேண்டாம். எல்லோரும் ஐந்து எமோஜியை வரிசையாக வைப்பார்கள். அதில் ஒரு சிக்கல் உண்டு. பரீட்சைக்கு முந்தைய இரவின் படபடப்பும், ஒன்றும் பிடிக்காமல் படுத்துக்கிடக்கும் ஞாயிறும் அதே வாடிய முகத்தில் போய் விழும். இரண்டும் ஒன்றா?

1980-ல் உளவியலாளர் ஜேம்ஸ் ரஸல் உணர்வுகளை இரண்டு அச்சுகளில் வைத்துக் காட்டினார். ஒன்று, அது இனிமையானதா இல்லையா. மற்றொன்று, எவ்வளவு துடிப்பாக இருக்கிறோம். அதையே எடுத்துக்கொள்வோம். 1 முதல் 5 வரை இரண்டு ஸ்லைடர். படபடப்புக்கு இனிமை 1, துடிப்பு 5. சோர்வுக்கு இரண்டுமே 1. இப்போது வித்தியாசம் தெரிகிறது. கூடவே தூங்கிய மணிநேரம், ஒரு வரிக் குறிப்பு. இதற்கு மேல் கேட்காதீர்கள். கேள்வி கூடினால் உங்களுக்கே நாலாம் நாள் அலுத்துவிடும்.

படி 2: ஏஐயிடம் நிரல் கேளுங்கள்

"ஒரு மூட் டிராக்கர் எழுதிக் கொடு" என்றால் உங்களுக்குப் புரியாத இருநூறு வரி வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"நான் பைத்தான் இப்போதுதான் கற்கிறேன். ஸ்ட்ரீம்லிட்டில் ஒரு படிவம் வேண்டும்: இனிமை, துடிப்பு என இரண்டு ஸ்லைடர், தூக்க நேரம், குறிப்பு. சேமி பொத்தானை அழுத்தினால் மட்டும் எஸ்க்யூலைட்டில் ஒரு வரி சேர வேண்டும். வரைபடம் இப்போது வேண்டாம். ஒவ்வொரு பகுதியும் ஏன் இருக்கிறது என்று தமிழில் விளக்கு."

ஒரு நேரத்தில் ஒரு வேலை. அது ஓடிய பிறகே அடுத்தது. விளக்கத்தை மூடிவைத்துவிட்டு நண்பரிடம் சொல்லிப் பாருங்கள். வைவாவில் உங்கள் பக்கத்தில் ஏஐ வந்து உட்காராது.

படி 3: இரண்டு பள்ளங்கள்

திரையில் எதைத் தொட்டாலும் ஸ்ட்ரீம்லிட் முழு நிரலையும் மேலிருந்து திரும்ப ஓட்டும். சேமிக்கும் வரி பொத்தானின் நிபந்தனைக்கு வெளியே கிடந்தால், ஸ்லைடரை நகர்த்தும்போதெல்லாம் ஒரு பதிவு ஏறும். ஒரே நிமிடத்தில் பத்து மனநிலை! ஸ்லைடர்களைப் படிவத்துக்குள் வைத்து, பொத்தானை அழுத்தினால் மட்டும் சேமிக்கச் செய்யுங்கள்.

அடுத்தது நேரம். எஸ்க்யூலைட் தானாகப் போடும் நேரம் இந்திய நேரம் அல்ல, யூடிசி என்ற உலகப் பொது நேரம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கியது. செவ்வாய் அதிகாலை 5 மணிக்கு எழுதியது திங்கள் இரவு 11:30 என்று பதிவாகும். நேரத்தைப் பைத்தானிலேயே உள்ளூர்க் கணக்கில் எடுத்துச் சேமியுங்கள்.

படி 4: வரைபடம்

இனிமைக்கு ஒன்று, துடிப்புக்கு ஒன்று என இரண்டு கோடு போதும். எழுதாத நாளைச் சுழியமாகப் போடாதீர்கள். அது பாதாளத்தில் விழுந்த நாள் மாதிரி தெரியும். இடைவெளியாகவே விடுங்கள்.

படி 5: ஏஐயை உள்ளே விடுவது

மனநிலைக் குறிப்பு அந்தரங்கமானது. அதை இணையத்தில் எங்கோ ஒரு சர்வருக்கு அனுப்புவானேன்? ஏஐ மாடல்களை நம் கணினியிலேயே ஓட்டும் ஒல்லாமா என்ற மென்பொருளை நிறுவி, ஜெம்மா போன்ற சிறிய ஏஐ மாடல் ஒன்றை இறக்கிக்கொண்டால், பிறகு இணையமே இல்லாமல் லேப்டாப்பிலேயே ஓடும். வேகம் கொஞ்சம் குறைவுதான்.

அதனிடம் குறிப்புகளைக் கொட்டி "நான் எப்படி இருக்கிறேன்?" என்று கேட்காதீர்கள். "செம காண்டு", "செம ஹேப்பி" இரண்டிலும் ஒரே "செம". தங்கிலீஷில் சிறிய மாடல்கள் எளிதில் தடுக்கி விழும். வாரச் சராசரியை நிரல் கணக்கிடட்டும். ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய நாள்களின் சராசரியையும் தனியாக எடுக்கட்டும். அந்த எண்களை மட்டும் கொடுத்து, "இரண்டு வாக்கியத்தில் சொல், காரணம் ஊகிக்காதே, நோயின் பெயர் எதையும் சொல்லாதே" என்று கட்டளை இடுங்கள். தூக்கம் குறைந்ததால் மனம் வாடியதா, மனம் வாடியதால் தூக்கம் போனதா என்பது ஏழு நாள் எண்ணில் தெரியாது.

படி 6: ஏஐ பேசக் கூடாத இடம்

1966-ல் எம்ஐடியில் ஜோசப் வைசன்பாம் எழுதிய எலைசா, நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும் எளிய நிரல். அதனிடமே மக்கள் மனம் விட்டுப் பேசியது அவரைத் திடுக்கிட வைத்தது. உங்கள் செயலியிடமும் அப்படி யாராவது பேசலாம்.

ஆகவே குறிப்பு சேமிக்கப்பட்டதும், தற்கொலை, சாவு தொடர்பான சொற்கள் உள்ளனவா என்று நிரல் பார்க்கட்டும். இருந்தால் அன்று ஏஐக்கு வேலை இல்லை. நீங்களே எழுதிவைத்த செய்தி திரையில் வர வேண்டும்: மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டில் சுகாதார உதவி எண் 104. "சிரிச்சே செத்தேன்" என்று எழுதியவருக்கும் அது வரும். வரட்டும். இப்படிப் பத்து முறை தவறாக வந்தாலும் பரவாயில்லை, ஒரு முறை வராமல் போகக் கூடாது. சொற்களில் அகப்படாமல் எழுதுபவர்களும் உண்டு. அதனால் அந்த எண்களைச் சிறிய எழுத்தில் எப்போதும் திரையின் அடியில் வைத்துவிடுங்கள்.

கிட்ஹப்பில் ஏற்றும் முன்

நிரலை இணையத்தில் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றும் முன், தரவுக் கோப்பின் பெயரைக் கிட்இக்னோர் என்ற 'ஏற்றக் கூடாதவை' பட்டியலில் முதலில் சேர்த்துவிடுங்கள். ஒரு முறை ஏற்றிவிட்டால், பிறகு அழித்தாலும் பழைய கமிட்டில், அதாவது முந்தைய பதிவில், அது அப்படியே கிடக்கும். பள்ளி மாணவர்களுக்குக் கொடுத்து அவர்கள் தரவைச் சேகரிக்கும் எண்ணம் இருந்தால் நிறுத்துங்கள். 18 வயதுக்குட்பட்டவர் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். டெமோவுக்கு நீங்களே இட்டுக்கட்டிய முப்பது நாள் தரவு போதும். அதையும் ஏஐயிடமே கேட்டு வாங்கலாம். நடுவில் நாலைந்து நாள் விடுபட்டிருக்க வேண்டும் என்று மறக்காமல் சொல்லுங்கள்.