கோப்பையை எண்ணும் முன்: சிம் ஹாக்கி லீக்கில் தரவரிசை போடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

சீசன் முடிந்து, கோப்பை யாரிடமோ போய்ச் சேர்ந்து, அடுத்த டிராஃப்டுக்கு (புது வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் நாள்) இரண்டு வாரம் இருக்கும்போதுதான் எங்கள் லீக்கில் சண்டை களைகட்டும். "இதுவரைக்கும் இருந்ததிலேயே பெரிய டீம் எது?" என்று யாராவது கொளுத்திப் போடுவார். பதிவேடு என்னிடம் இருப்பதால் கடைசியில் எல்லோரும் என்னிடம் வந்து நிற்பார்கள். முதல் தடவை ஒரே ராத்திரியில் எக்ஸெலில் ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் மதியத்துக்குள் அதைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் முக்கால்வாசி சரி என்பதுதான் வருத்தம்.

பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஹாக்கி என்று இங்கே சொல்வது ஐஸ் ஹாக்கியை. சிம் என்றால் சிமுலேஷன். சிம் லீக்கில் ஒவ்வொரு அணிக்கும் ஒரு ஆள் ஜிஎம், அதாவது ஜெனரல் மேனேஜர். வீரர்களை வாங்குவது, விற்பது, டிராஃப்டில் எடுப்பது, யார் யாரோடு ஆடவேண்டும் என்று லைன் போடுவது எல்லாம் அவர் பாடு. ஆட்டத்தை ஆடுவது மென்பொருள். ரிஸ்டோ ரெமெஸ் என்ற ஃபின்லாந்துக்காரர் தொடங்கிய ஈஸ்ட்சைட் ஹாக்கி மேனேஜர், பிறகு வந்த ஃபிரான்சைஸ் ஹாக்கி மேனேஜர் இரண்டும் பலருக்குத் தெரிந்த பெயர்கள். லீக்கை நடத்தும் கமிஷனர் பொத்தானை அமுக்கினால் ஒரு வாரத்து ஆட்டம் காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். அதனால் சரித்திரம் மளமளவென்று சேர்ந்துவிடுகிறது, சண்டையும்தான்.

எங்கள் லீக்கின் கணக்கு உங்களுக்கு எதற்கு? அதே தவறுகளை வட அமெரிக்காவின் நிஜ ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல் கணக்கை வைத்தே காட்டுகிறேன். அதன் சாம்பியனுக்குத் தருவதுதான் ஸ்டான்லி கோப்பை. யார் வேண்டுமானாலும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

எத்தனை பேருக்கு நடுவில் ஜெயித்தது?

என் பட்டியலின் முதல் தப்பு, கோப்பையை வெறுமனே எண்ணியது. மான்ட்ரியல் கனேடியன்ஸ் 24 ஸ்டான்லி கோப்பை, டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ் 13, டெட்ராய்ட் ரெட் விங்ஸ் 11. இப்படி வரிசையாக எழுதினால் வேலை முடிந்தது போலத்தான் இருக்கும். ஆனால் 1942-43 முதல் 1966-67 வரை 25 சீசன்கள் அந்த லீக்கில் இருந்ததே ஆறு அணிகள். அந்த 25 கோப்பையில் மான்ட்ரியலுக்கு 10, டொராண்டோவுக்கு 9, டெட்ராய்ட்டுக்கு 5, சிகாகோவுக்கு 1. பாஸ்டனுக்கும் நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கும் ஒன்றுகூட இல்லை.

இப்போது இன்னொரு எண்ணைப் பக்கத்தில் வையுங்கள். ஆறு அணிகளும் சரிசமம், சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் கோப்பை என்றால், 25 சீசனில் ஓர் அணிக்கு எத்தனை விழும்? 25ஐ 6ஆல் வகுத்தால் 4.2 வரும். மான்ட்ரியல் வாங்கியது 10. சராசரி அணியைப் போல 2.4 மடங்கு. டெட்ராய்ட்டின் 5 கோப்பையோ, கேட்பதற்குப் பெரிதாக இருந்தாலும், சராசரியைக் கொஞ்சம் தாண்டியதுதான். இன்றைய 32 அணி லீக்கில் 25 சீசன் ஆடினால் அதே கணக்கில் ஓர் அணிக்கு விழுவது ஒரு கோப்பைகூட இல்லை, 0.78தான்.

இந்த 'எதிர்பார்ப்புக் கோப்பை'யை ஒவ்வொரு சீசனுக்கும் தனித்தனியாகப் போட்டுக் கூட்டவேண்டும். சிம் லீக்குக்கு இது இன்னும் முக்கியம். எட்டு அணியோடு ஆரம்பித்து, ஆள் சேரச் சேரப் பெருத்து, ஜிஎம்கள் ஓடிப்போனதும் சுருங்கி, மறுபடி பெருத்த லீக்குகள்தான் அதிகம். எட்டு அணி இருந்த காலத்துக் கோப்பையும் இருபத்து நான்கு அணி இருக்கும் காலத்துக் கோப்பையும் ஒன்றா?

தொடர் வெற்றியிலும் இதே கதை. 1956 முதல் 1960 வரை மான்ட்ரியல் தொடர்ந்து ஐந்து கோப்பை. 1980 முதல் 1983 வரை நியூயார்க் ஐலண்டர்ஸ் தொடர்ந்து நான்கு. ஐந்து பெரிதா, நான்கு பெரிதா? ஆறு அணியில் குருட்டதிர்ஷ்டத்தால் ஐந்து தடவை தொடர்ந்து ஜெயிக்க 7,776இல் ஒரு வாய்ப்பு. 21 அணியில் நான்கு தடவைக்கு 1,94,481இல் ஒரு வாய்ப்பு. ஏறக்குறைய 25 மடங்கு அரிது. நிஜத்தில் யாரும் குருட்டதிர்ஷ்டத்தால் ஜெயிப்பதில்லை என்பது தெரியும். இருந்தாலும் நான்கை ஐந்துக்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டு வைக்கிறவர்கள் இந்த எண்ணை ஒரு தடவை பார்த்துவிட்டு வைக்கட்டும்.

இதைப் புரிந்துகொண்டதும் நான் அடுத்த குழியில் விழுந்தேன். விகிதம்! பிட்ஸ்பர்க் பென்குவின்ஸை எடுங்கள். 2005-06 முதல் 2016-17 வரை 12 சீசன், 30 அணி. எதிர்பார்ப்பு 0.4, வாங்கியது 3. ஏழரை மடங்கு! மான்ட்ரியலின் 2.4 எங்கே, இது எங்கே?

சூது எங்கே இருக்கிறது பாருங்கள். ஆரம்பத்தையும் முடிவையும் தேர்ந்தெடுத்தது நான். நல்ல காலம் தொடங்கும் இடத்தில் ஆரம்பித்து, கோப்பை வாங்கிய வருஷத்தோடு நிறுத்திவிட்டேன். அதே அணியை அது பிறந்த 1967-68இலிருந்து 2016-17 வரை கணக்குப் போட்டால், எதிர்பார்ப்பு 2.3ஐ நெருங்குகிறது, வாங்கியது 5. விகிதம் ஏழரையிலிருந்து 2.2க்கு இறங்கிவிடும். ஓர் அணியின் 'பொற்காலம்' என்று தனிப்பட்டியல் போடுவதில் தப்பில்லை. ஆனால் ஓர் அணிக்குப் பொற்காலத்தையும் இன்னொன்றுக்கு முழு ஆயுளையும் எடுத்து ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. எங்கள் லீக்கில் தன் அணிக்காக வாதாடுகிற ஒவ்வொருவரும் செய்வது இதைத்தான், அறியாமல்கூட.

புது அணிகளும் விகிதத்தில் இப்படித்தான் வானத்துக்குப் போகும். வேகாஸ் கோல்டன் நைட்ஸ் 2017இல் வந்தது, 2023இல் கோப்பை. ஆறு சீசனுக்கு எதிர்பார்ப்பு வெறும் 0.19, ஆகவே ஐந்து மடங்குக்கு மேல். நான் இப்போது செய்வது ஒரு சின்ன வைத்தியம்: எல்லா அணிக்கும் மேலேயும் (வாங்கிய கோப்பை) கீழேயும் (எதிர்பார்ப்பு) ஒன்றைக் கூட்டிவிடுவேன். வேகாஸுக்கு 2ஐ 1.19ஆல் வகுத்தால் 1.7. ஆறு அணிக் காலத்து மான்ட்ரியலுக்கு 11ஐ 5.17ஆல் வகுத்தால் 2.1. இது வேதவாக்கு இல்லை, ஒன்றுக்குப் பதில் அரையைக் கூட்டினாலும் யாரும் சிறையில் போடமாட்டார்கள். ஆனால் நேற்று வந்த அணி ஒரே கோப்பையோடு உச்சியில் உட்காருவது நின்றுவிடும்.

பிளேஆஃப் போனதெல்லாம் சாதனையா?

சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்தான் பிளேஆஃப். ஆறு அணிக் காலத்தில் அதற்குப் போனவை நான்கு. 1979-80இல் 21 அணியில் 16 போயின. இன்று 32இல் 16. 'இத்தனை தடவை பிளேஆஃப்' என்று ஒரு பத்தியைச் சேர்த்தால், முக்கால்வாசிப் பேர் பாஸான பரீட்சையையும் பாதிப் பேர் ஃபெயிலான பரீட்சையையும் சேர்த்துக் கூட்டுகிறீர்கள் என்று அர்த்தம்.

பாயின்ட் கணக்கு இதைவிட வழுக்கும். 2022-23இல் பாஸ்டன் ப்ரூயின்ஸ் 65 வெற்றி, 135 பாயின்ட், என்எச்எல் வரலாற்றிலேயே அதிகம். அதற்கு முன் அந்த இடத்தில் இருந்தது 1976-77 மான்ட்ரியல், 132. ஆனால் மான்ட்ரியல் ஆடியது 80 ஆட்டம், பாஸ்டன் 82. கிடைக்கக்கூடிய பாயின்டில் மான்ட்ரியல் எடுத்தது 82.5 சதவீதம், பாஸ்டன் 82.3. இன்னொன்றும் உண்டு. 1999-2000இலிருந்து ஓவர்டைமில் தோற்றாலும் ஒரு பாயின்ட் தருகிறார்கள். பாஸ்டனின் 135இல் ஐந்து அப்படித் தோற்றுக் கிடைத்தவை. மான்ட்ரியல் காலத்தில் டிராவுக்குத்தான் ஒரு பாயின்ட், தோற்றால் வெறுங்கை. சிம் லீக்கில் கமிஷனர் மாறும்போதெல்லாம் இந்த விதியும் சத்தமில்லாமல் மாறியிருக்கும். பழைய செட்டிங்கைத் தேடிப் பார்க்காமல் பாயின்டைக் கூட்டாதீர்கள்.

அந்த பாஸ்டன் அணி என்ன ஆனது? முதல் சுற்றிலேயே, 3-1 என்று முன்னால் இருந்துவிட்டு, ஃபுளோரிடாவிடம் தோற்றது. மான்ட்ரியல் 1977இல் கோப்பையே வாங்கியது. பாஸ்டனை ஏளனம் செய்யும் முன் ஒரு கணக்கு. எந்த எதிரியோடு ஆடினாலும் ஓர் ஆட்டத்தில் 60 சதவீத வாய்ப்புள்ள அணி, ஏழு ஆட்டத் தொடரை ஜெயிக்க 71 சதவீதம் வாய்ப்பு. அப்படி நான்கு சுற்று தாண்டவேண்டும். பெருக்கிப் பார்த்தால் 25 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். லீக்கிலேயே பலமான அணிகூட நாலு வருஷத்தில் மூன்று வருஷம் கையை வீசிக்கொண்டுதான் வீடு திரும்பும். கோப்பை ஒன்றை மட்டும் வைத்து வரிசை போட்டால் இந்த அணிகள் காணாமலே போய்விடும்.

அணி என்றால் யார்?

இதில்தான் ஆளுக்கு ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள்.

க்யூபெக் நோர்டிக்ஸ் 1995இல் ஊர் மாறி கொலராடோ அவலாஞ்ச் ஆனது. போன முதல் சீசனிலேயே, 1996இல், கோப்பை. க்யூபெக் ரசிகர்கள் வயிறெரிந்ததில் என்ன ஆச்சரியம்? அந்த அணிக்கு அடித்தளம், 1992இல் எரிக் லிண்ட்ரோஸைக் கொடுத்துப் பீட்டர் ஃபோர்ஸ்பெர்க் உள்ளிட்ட பலரை வாங்கிய பேரம். அதைச் செய்தது அப்போதைய ஜிஎம் பியர் பாஷே. கோப்பை வந்தபோது ஜிஎம் நாற்காலியில் இருந்தது பியர் லாக்ரா. அவரும் சும்மா இல்லை, 1995 டிசம்பரில் கோல்கீப்பர் பாட்ரிக் ருவாவைக் கொண்டுவந்தது அவர்தான். இந்தக் கோப்பை யார் கணக்கில் ஏறும்?

சிம் லீக்கில் இது அன்றாடம். ஒருவர் மூன்று சீசன் பல்லைக் கடித்துக்கொண்டு தோற்று, டிராஃப்டில் பிள்ளைகளைச் சேர்த்து, பிறகு கல்யாணம், வேலை என்று விலகிவிடுவார். அடுத்து வருகிறவர் அறுவடை செய்வார். ஆகவே இரண்டு பட்டியல் வேண்டும்: அணிக்கு ஒன்று, ஜிஎம்முக்கு ஒன்று. இரண்டையும் கலந்து ஒரே பட்டியலாக்கும் ஆசை வரும், கலக்காதீர்கள்.

பெயரை நம்புவதும் ஆபத்து. இன்றைய வின்னிபெக் ஜெட்ஸ், பழைய ஜெட்ஸ் அல்ல. பழையது 1996இல் ஃபீனிக்ஸ் போனது, இப்போதிருப்பது 2011இல் அட்லாண்டாவிலிருந்து வந்தது. 2024இல் அரிசோனாவின் வீரர்கள் அப்படியே யூட்டாவுக்குப் போனார்கள், ஆனால் பழைய சாதனைகள் போகவில்லை, யூட்டாவைப் புது அணி என்றே லீக் கணக்கு வைத்தது. எக்ஸெலில் பெயரை வைத்துக் கூட்டினால் இரண்டு அணி ஒன்றாகும், ஒரே அணி இரண்டாகும். ஒவ்வொரு அணிக்கும் மாறாத ஓர் எண் கொடுத்துவிட்டு, பெயரைத் தனிப் பத்தியில் போடுங்கள். எனக்கு இது உறைக்க ஒரு வாரம் பிடித்தது.

சிம் லீக்குக்கே உரிய வம்புகள்

மென்பொருளின் பதிப்பு மாறினால் ஹாக்கியே மாறும். நிஜத்திலும் மாறியிருக்கிறது: வேய்ன் கிரெட்ஸ்கி 92 கோல் அடித்த 1981-82இல் ஓர் ஆட்டத்துக்கு இரண்டு அணியும் சேர்ந்து சராசரியாக எட்டு கோல், 2003-04இல் ஐந்தைச் சற்றே தாண்டியது. ஆனால் அங்கே இருபது வருஷத்தில் நடந்ததைச் சிம் லீக்கில் ஒரு அப்டேட் ராத்திரியோடு ராத்திரியாகச் செய்துவிடும். கோல் வித்தியாசத்தை அப்படியே ஒப்பிடாமல், அந்தந்த சீசனின் சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி நிற்கிறது என்று பாருங்கள். பிளஸ் டூ புள்ளியியல் போதும்.

காணாமல்போன சீசன் இன்னொன்று. யாருடைய ஹார்டு டிஸ்க்கோ செத்து, இரண்டு சீசன் விவரமே இல்லாத லீக்குகள் உண்டு. நான் அந்தக் கட்டங்களில் பூஜ்யம் போட்டுவைத்தேன். எக்ஸெலின் சராசரிக் கணக்கு, காலிக் கட்டத்தைத் தாண்டிப் போகும், பூஜ்யத்தைச் சேர்த்துக்கொள்ளும். பழைய அணிகள் எல்லாம் ஒரே மூச்சில் சரிந்தன, ஏன் என்று புரியாமல் நானே அதற்கு ஒரு தத்துவ விளக்கமும் எழுதினேன். 1919இல் இன்ஃபுளுயன்சாவால் இறுதித் தொடர் முடியவில்லை, 2004-05 சீசன் நடக்கவே இல்லை. அந்த வருஷங்களில் யாரும் தோற்கவில்லை.

கோப்பைக்கு 10, இறுதியில் தோற்றால் 5 என்று மதிப்பெண் போடுகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: 10ஐ 7 ஆக்கிப் பாருங்கள். முதல் மூன்று இடம் இடம்மாறினால், அந்த வரிசையை உருவாக்கியது அணிகள் இல்லை, நீங்கள்.

கடைசியாக, நிஜ லீக்கில் யாருக்கும் கிடைக்காத ஒரு வசதி. பிளேஆஃப் தொடங்கும் நாளின் சேவ் ஃபைல் பத்திரமாக இருந்தால், அதே அணிகளை வைத்து அதே பிளேஆஃபை ஆயிரம் தடவை ஆடிப் பார்க்கலாம். எந்த அணி எத்தனை தடவை ஜெயிக்கிறது என்று பார்த்தால் பலம் தெரிந்துவிடும். தவறு அடுத்த படியில் வருகிறது: அந்த எண்ணை எடுத்துக்கொண்டு நடந்த கோப்பையைத் திருத்தப் போவது. நான் ஒரு தடவை போனேன். ஒரு சாம்பியன் அணி திரும்ப ஆடிய ஆட்டங்களில் பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. பட்டியலில் அதன் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, கீழே 'அதிர்ஷ்டம்' என்று எழுதிவைத்தேன்.

அந்த ஜிஎம் பத்து நிமிஷத்தில் கூப்பிட்டார். "அண்ணே, நீங்க ஆயிரம் தடவை ஆடுனீங்க. நான் ஒரு தடவைதான் ஆடுனேன்." நட்சத்திரத்தை எடுத்துவிட்டேன். ஆயிரம் தடவை ஆடிய கணக்கு இப்போது வேறொரு தாளில், 'பலம்' என்ற தலைப்பில் இருக்கிறது. அதில் அவர் அணி பதினோராவது இடம். அதை அவர் இன்னும் பார்க்கவில்லை.