பதிவேட்டில் தெரியாத மாணவர்கள்

ராயபுரம் பக்கம் ஒரு கல்லூரியில் பி.காம் வகுப்பு எடுக்கிறேன். பாடமெல்லாம் மூடுல் (Moodle) என்ற இணையவழிக் கற்றல் தளத்தில். அதன் பதிவேட்டைப் பார்த்தால் பாதிப் பேர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தேர்வில் அவர்களே நன்றாக எழுதுகிறார்கள். விசாரித்தால், ஒருத்தி பிடிஎஃப்பை இறக்கி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறாள். டேட்டா மிச்சம். காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்துக்குப் போய்வரும் பையன் பேருந்தில் அதைப் படிப்பது மூடுலுக்கு எப்படித் தெரியும்?

2004இல் ஃபிரெட்ரிக்ஸ் முதலான மூன்று கல்வி ஆய்வாளர்கள் மாணவரின் ஈடுபாட்டை நடத்தை, உணர்வு, சிந்தனை என்று பிரித்தார்கள். கிளிக் கணக்கு காட்டுவது முதலாவதை மட்டும், அதுவும் அரைகுறையாக.

அதனால் மூடுலில் பாடத்தைப் 'பார்த்தால் முடிந்தது' என்றிருந்த அமைப்பை 'விடை அனுப்பினால் முடிந்தது' என்று மாற்றினேன். பாடத்துக்கு ஒரு சின்ன வினாடி வினா, கூடவே 'எது புரியவில்லை?' என்று ஒரு கட்டம். மூடுல் செயலியில் இணையம் இல்லாமலே எழுத அனுமதி கொடுத்தேன். சிக்னல் வந்ததும் விடைகள் ஏறிக்கொள்ளும். ஒன்று கவனிக்க வேண்டும்: நேர வரம்பு வைத்தால் இந்த வசதி கிடைக்காது. அந்த வரம்பை எடுத்துவிட்டேன். காப்பி அடிப்பார்களே என்றார் துறைத்தலைவர். அடிக்கட்டும் சார், இதற்கு மதிப்பெண்ணே கிடையாது என்றேன்.

இப்போது அந்தக் கட்டத்தைத்தான் முதலில் படிக்கிறேன். போன வாரம் பாதிப் பேர் தேய்மானத்தில் மாட்டியிருந்தார்கள். திங்கட்கிழமை அதையே மறுபடி நடத்தினேன்.