அம்மம்மாவின் முகம் ஒரு துணித்துண்டில்: போர்வைக்குப் படம் அச்சிடும் முறை

அம்மம்மாவின் இளவயதுப் படம் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது. 1995 ஒக்டோபர் கடைசியில், போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து வெளிக்கிட்ட நேரம், அம்மா காணி உறுதியோடு சேர்த்துப் பையில் வைத்த இரண்டு அங்குலப் படம். அல்பங்கள் அலுமாரியோடு போய்விட்டன. கனடாவில் இருக்கும் மகளுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது என்றதும், அந்த முகத்தைத் துணியில் அச்சிட்டு, அம்மம்மா கடைசிக் காலத்தில் உடுத்த நூல் சேலைகளின் துண்டுகளோடு பொருத்தி, குயில்ட் என்று அங்கே சொல்லும் ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று தைத்தேன். ஏணை கட்டிய சேலைகள் அவை. வீட்டுப் பிரிண்டரிலேயே அச்சிடலாம். ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

எந்தப் பிரிண்டர்

மை தெளிக்கும் இங்க்ஜெட் பிரிண்டர்தான் வேண்டும். லேசர் பிரிண்டருக்குள் சூடான உருளை இருக்கிறது. தாளில் ஒட்டிய துணியை அதற்குள் விடவே வேண்டாம். குவளையில் படம் அடிக்கும் கடைகளில் கேட்டால் துணியிலும் அடித்துத் தருவார்கள். ஆனால் சூட்டில் ஆவியாகி ஏறும் அந்தச் சப்ளிமேஷன் மை பொலியெஸ்ரரில்தான் பிடிக்கும், கொட்டனில் நிற்காது. ரீசேட்டுக்குச் சூட்டில் ஒட்டும் தாளோ முகத்தின் மேல் ஒரு பிளாஸ்ரிக் படலத்தை விட்டுவிடும். குழந்தை கன்னம் வைத்துப் படுக்கும் போர்வைக்கு எனக்கு அது பிடிக்கவில்லை.

மையில் இரண்டு வகை உண்டு. பிக்மென்ட் மை நுண்ணிய தூளாகத் துணி இழையில் தங்கும், தண்ணீருக்கு ஓரளவு தாக்குப்பிடிக்கும். டை மை தண்ணீரில் கரைந்த சாயம், கழுவினால் ஓடும். மை நிரப்பும் டாங்க் பிரிண்டர்கள் பலவற்றில் கறுப்பு மட்டும் பிக்மென்ட், நிறங்கள் டை. உங்கள் மைப் போத்தலில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

படத்தை எடுத்தல்

மூலப் படத்துக்குக் கத்தரிக்கோலும் கூடாது, அயன் பொக்ஸும் கூடாது. ஸ்கான் பண்ணியவுடன் அதை உறையில் போட்டு வைத்துவிடுங்கள். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படமென்றால் பிய்க்காமல் கண்ணாடியோடேயே ஸ்கான் பண்ணுங்கள்.

600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளியில், ஸ்கான் பண்ணுங்கள். இரண்டு அங்குலப் படம் 1200 புள்ளி அகலத்தில் வரும். அதை ஆறு அங்குலத்துக்குப் பெருப்பித்தால் அங்குலத்துக்கு 200 புள்ளி. தாளுக்கு 300 நல்லது, துணிக்கு 200 போதும். இழைகள் அதற்கு மேலான நுணுக்கத்தை விழுங்கிவிடும். ஸ்கானர் இல்லாவிட்டால் யன்னலோரம் பகல் வெளிச்சத்தில் படத்தைத் தட்டையாக வைத்து, பிளாஷ் போடாமல் நேர்மேலே இருந்து போனில் எடுக்கலாம்.

துணியில் எல்லாமே ஒரு படி மங்கும். அதனால் வெளிச்சத்தையும் கருமை வெளுப்பு வேறுபாட்டையும் திரையில் கொஞ்சம் அதிகமாகத் தெரியுமளவுக்குக் கூட்டுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தை நிற மைகளால் அடித்தால் முகத்தில் பச்சையோ ஊதாவோ ஏறும். கறுப்பு மை பிக்மென்ட் என்றால் பிரிண்டரில் 'சாதாரணத் தாள்', 'கறுப்பு வெள்ளை' இரண்டையும் தெரிவு செய்யுங்கள். அப்போது பெரும்பாலும் கறுப்புப் போத்தலே வேலை செய்யும். 'போட்டோத் தாள்' என்று வைத்தால் பல பிரிண்டர்கள் கறுப்பையும் டை மைகளைக் கலந்தே உண்டாக்கும். அம்மம்மாவின் முகம் கழுவியும் தெளிவாக நிற்பதற்கு இந்த ஒரு தெரிவுதான் காரணம்.

துணி

நெருக்கமாக நெய்த வெள்ளைக் கொட்டன் வேண்டும், பொப்ளின் நல்லது. கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாமல் ஓரத்து நூலொன்றை எரித்துப் பாருங்கள். கொட்டன் தாள் எரியும் மணத்தோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பொலியெஸ்ரர் உருகிக் கெட்டியான மணியாகும். கஞ்சி போக ஒருமுறை வடிவாகக் கழுவுங்கள், வாசனைத் திரவம் போடாமல்.

டை மை என்றால் துணியைப் பதப்படுத்தவேண்டும். அரை லீற்றர் சுடுதண்ணியில் இரண்டு மேசைக்கரண்டி படிகாரத் தூளைக் கரையுங்கள். ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். பொங்கும், ஆகையால் பெரிய வாளி எடுங்கள். சமையல் பாத்திரம் வேண்டாம். 20 நிமிடம் ஊறவிட்டு, பிழியாமல் நிழலில் உலர்த்தி, அயன் பண்ணுங்கள். இது சாயம் ஓடுவதைக் குறைக்கும், முற்றாக நிறுத்தாது.

தாளில் ஒட்டி அச்சிடுதல்

வெளிநாட்டில் இதற்கு ஒரு பக்கம் பிளாஸ்ரிக் பூசிய ஃபிரீசர் பேப்பரை அயன் பண்ணி ஒட்டுவார்கள். புத்தகக் கடையில் வாங்கும் ஏ4 ஸ்ரிக்கர் தாளே எனக்குப் போதுமாக இருந்தது. இடையில் வெட்டுக்கோடு இல்லாத முழுத்தாளாகக் கேளுங்கள்.

துணியை ஏ4 அளவைவிடச் சுற்றிவர ஒரு விரல் கூட வெட்டி, அயன் பண்ணி, ஆறவிடுங்கள். ஸ்ரிக்கரின் பின்தாளை உரித்து, பசைப்பக்கத்தைத் துணியின் பின்புறத்தில் வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்குக் கையால் தேயுங்கள். பிறகு ரொட்டிக் கட்டையால் உருட்டுங்கள். காற்றுக் குமிழோ சுருக்கமோ இருந்தால் மைத்தலை அதில் உரசும். அடிமட்டமும் பிளேட்டும் வைத்துத் தாளின் விளிம்போடு, 210 க்கு 297 மில்லிமீற்றராக, வெட்டுங்கள். தொங்கும் நூல் ஒன்றுகூட இருக்கக்கூடாது. உள்ளே முதலில் போகும் விளிம்பில் மெல்லிய செலோ ரேப்பை மடித்து ஒட்டினால் துணி கிளம்பாது.

முதலில் வெறும் தாளில் ஒன்று அடித்துப் பாருங்கள். பிறகு துணித்தாளை ஒன்றே ஒன்றாக விடுங்கள். பின்பக்கத்தால் தாள் விடும் பிரிண்டர் நல்லது, வளைவு குறைவு. படத்தைச் சுற்றி ஒரு அங்குலமாவது வெள்ளை விடுங்கள். தையல் அதற்குள்தான் போகவேண்டும்.

ஆறவிடுதலும் அலசுதலும்

இங்கேதான் அவசரம் கெடுக்கும். என் முதல் படத்தை அடித்த கையோடு கிணற்றடியில் சவர்க்காரம் போட்டு அலசினேன். அம்மம்மாவின் பொட்டு மூக்குவரை ஓடிவிட்டது. அன்று முழுக்க எனக்கு மனம் சரியில்லை.

ஒரு முழுநாள் காயவிடுங்கள், மாரியில் இரண்டு நாள். ஸ்ரிக்கரை மூலையிலிருந்து மெல்ல உரியுங்கள். பசை இருந்தால் அந்தத் தாள் இன்னொரு துணிக்கும் உதவும். படத்தின்மேல் வெள்ளைத்துணி விரித்து, நீராவி இல்லாமல் அயன் பண்ணுங்கள். பின் அகலத் தட்டில் குளிர்ந்த தண்ணி விட்டு, துணியை விரித்தபடி ஆட்டி அலசுங்கள். சாயம் வந்தால் தண்ணியை மாற்றிக்கொண்டே இருங்கள். ஈரத்தில் மடிக்கவும் கூடாது, பிழியவும் கூடாது. எங்கள் கிணற்றுத் தண்ணி சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து வருவது. சவர்க்காரம் நுரைக்காமல் வெள்ளையாகத் துணியில் படியும். நான் பிடித்துவைத்த மழைத்தண்ணியில் அலசுகிறேன்.

தைத்தல்

படத்தின் பின்புறம் தையற்காரர் பாவிக்கும் மெல்லிய ஒட்டுக் கன்வஸை ஒட்டினால் துண்டு இழுபடாது. 11ஆம் நம்பர் ஊசி போடுங்கள்; தடித்த ஊசி போட்ட துளை மறையாது. தையலுக்குக் கால் அங்குலம் விட்டுச் சேலைத் துண்டுகளோடு பொருத்துங்கள். நடுவில் நான் பஞ்சுக்குப் பதிலாகப் பழைய கொட்டன் பெட்சீற் வைத்தேன். மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போது முகத்துக்குக் குறுக்கே தையல் ஓடவிடாதீர்கள். படத்தின் ஓரத்தைச் சுற்றி வந்தால் போதும்.

கழுவும்போது குளிர்ந்த தண்ணி, மென்மையான சவர்க்காரம், நிழலில் உலர்த்தல். வெயில் படத்தை வெளுக்கச் செய்யும்.

பின்பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளைத்துணியில் பெயரும் ஊரும் எழுதி, அடித்த திகதியையும் போட்டுத் தைத்துவிடுங்கள். எங்கள் போர்வையில் அம்மம்மாவின் முழுப்பெயர், அதன்கீழே சுதுமலை, அதன்கீழே என் பேரப்பிள்ளைக்கு என்று நூலால் தைத்திருக்கிறேன். பிள்ளையின் பெயருக்கு ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன்.