டூம் போன பிறகு ‘மேட்வில்லனி’ கேட்பவர்கள் தவிர்க்க வேண்டியவை

ராப் பாடகர் எம்.எஃப். டூம் 2020 அக்டோபர் 31 அன்று இறந்தார். உலகத்துக்குத் தெரிந்தது டிசம்பர் 31 அன்றுதான். அதன் பிறகு அவருடைய ‘மேட்வில்லனி’யைத் தேடி வந்தவர்களில் பலர் அதை ஓர் இரங்கல் ஆல்பமாகவே கேட்கிறார்கள். பெரிய தவறு இதுதான்.

‘அக்கார்டியன்’ பாட்டு, இரவல் நேரத்தில் வாழ்வதாகச் சொல்லித் தொடங்குகிறது. ‘சாவை அன்றைக்கே சொல்லிவிட்டார்’ என்று அந்த வரியைப் பகிர்கிறார்கள். ஆல்பம் வந்தது 2004 மார்ச்சில். அப்போது அவருக்கு வயது 32. அங்கே பேசுவது முகமூடி போட்ட வில்லன், அவர் உருவாக்கிய பாத்திரம். அந்த வரியில் ஓசையைக் கவனியுங்கள். ‘கிளாக் டிக் ஃபாஸ்டர்’ என்று முடிகிறது. அடுத்த வரி ‘நாக் த ஸ்லிக் பிளாஸ்டர்’ என்று முடிகிறது. கடைசிச் சொல்லில் மட்டும் இயைபு வைத்து அவர் திருப்திப்படுவதில்லை. சொற்றொடர் முழுக்க ஒலி ஒலியாகப் பொருந்துகிறது. ஆல்பம் நெடுக இதே உழைப்பு. வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு ஒருமுறையாவது கேளுங்கள்.

குரல் சோர்ந்திருக்கிறதே, உடம்பு சரியில்லையோ என்று நினைக்க வேண்டாம். முதலில் பதிவு செய்தபோது இன்னும் துடிப்பாகத்தான் பாடியிருந்தார். அந்தப் பதிவு வெளியீட்டுக்கு ஓராண்டுக்கும் முன்பே கசிந்துவிட்டது. பிறகு வேண்டுமென்றே தணிந்த குரலில் மறுபடி பாடினார். எனக்கு இந்தக் குரல்தான் பிடிக்கும். எந்தக் குரூரத்தையும் அலட்டாமல் சொல்கிற வில்லனுக்கு அதுதான் பொருத்தம்.

அப்புறம், இசையமைத்த மேட்லிபை மறந்துவிடுவது. இது இருவரின் ஆல்பம். இசை கிட்டத்தட்ட முழுக்க மேட்லிபுடையது. சில பீட்களைப் பிரேசிலில் ஓட்டல் அறையில் இருந்தபடி, சின்ன சாம்ப்ளரில் (பழைய பாட்டுத் துணுக்குகளை எடுத்துக் கோக்கும் கருவியில்) செய்தார். 22 துண்டுகள், மொத்தம் 46 நிமிடம் போல. பல்லவி அநேகமாகக் கிடையாது. ஷஃபிளில் போட்டால் ஒன்று இன்னொன்றுக்குள் நழுவும் அழகு போய்விடும்.

டூமின் உண்மையான துக்கம் வேண்டுமென்றால் 1999இல் வந்த ‘ஆபரேஷன்: டூம்ஸ்டே’வுக்குப் போங்கள். அவரோடு கே.எம்.டி. குழுவில் இருந்த தம்பி சப்ராக், 1993இல் கார் மோதி இறந்தார். அந்த இழப்பு அங்கே பாட்டுக்குள்ளேயே இருக்கிறது.