தேடல் வேறெங்கோ போய் நிற்கிறதா? எக்ஸ்டென்ஷனைக் கண்டுபிடித்து நீக்குவது எப்படி

முகவரிப் பட்டையில் எதையோ தட்டி என்டர் அடிக்கிறீர்கள், முன்பின் தெரியாத ஒரு முகவரி மின்னி மறைகிறது, அப்புறம் நீங்கள் வைத்திருந்த கூகுளுக்குப் பதிலாக யாஹூவோ பிங்கோ வந்து நிற்கிறது. பிரௌசரில் இருக்கும் ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷன்தான் (பிரௌசரோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்) பெரும்பாலும் இந்த வேலையைச் செய்யும். நடுவில் தெரிந்த அந்த முகவரிக்காரருக்கு விளம்பர வருமானத்தில் பங்கு கிடைக்கும், நீங்கள் என்னென்ன தேடுகிறீர்கள் என்பதும் அவர் வழியாகத்தான் போகும்.

உடனே எல்லோரும் செட்டிங்ஸில் தேடுபொறியைக் கூகுளுக்கு மாற்றிவிட்டு வந்துவிடுவார்கள். அடுத்த நாள் பார்த்தால் பழையபடியே இருக்கும். மாற்றுவது யார் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

படி 1: பிரௌசரையே கேளுங்கள்

குரோமில் செட்டிங்ஸுக்குப் போய் தேடுபொறிப் பகுதியைத் திறங்கள். எந்த எக்ஸ்டென்ஷன் அந்த அமைப்பைப் பிடித்து வைத்திருக்கிறதோ அதன் பெயரும், முடக்குவதற்கான பட்டனும் அங்கேயே இருக்கும். ஃபயர்பாக்ஸும் இதே மாதிரி பெயரைச் சொல்லும். பெயர் தெரிந்தால் வேலை பாதி முடிந்தது, ஆனால் தேடுபொறி அமைப்பைத் தொடாமலே பக்கத்தை மட்டும் திருப்பிவிடுகிற எக்ஸ்டென்ஷன்களும் உண்டு, அவை இங்கே சிக்காது.

படி 2: எல்லாவற்றையும் அணையுங்கள்

குரோமில் மேலே உள்ள மூன்று புள்ளி மெனுவில் எக்ஸ்டென்ஷன்கள் பக்கம், ஃபயர்பாக்ஸில் மூன்று கோடு மெனுவில் ஆட்-ஆன்கள் பக்கம். அங்கே எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் தேடிப் பாருங்கள். சரியாக வந்தால், ஒவ்வொன்றாக இயக்கி, ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று தேடல் செய்யுங்கள். சில எக்ஸ்டென்ஷன்கள் எல்லாத் தேடலையும் திருப்பாது, எப்போதாவது ஒன்றை மட்டும் திருப்பும், அதனால் ஒரே தேடலை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

பிடிஎஃப் மாற்றி, வானிலை, தள்ளுபடிக் கூப்பன், புதிய டேபுக்கு அழகான படம் என்கிற மாதிரி எக்ஸ்டென்ஷன்கள் மேல்தான் எனக்கு முதல் சந்தேகம் வரும். ஆனால் பழகிய பெயர் என்பதற்காக எதையும் விட்டுவிடாதீர்கள். தி கிரேட் சஸ்பெண்டர் என்ற எக்ஸ்டென்ஷனைப் பலர் நம்பிப் பயன்படுத்தி வந்தார்கள். 2020-ல் அது கைமாறியது, 2021 பிப்ரவரியில் தீங்கான நிரல் இருக்கிறது என்று கூகுளே அதை முடக்கியது. எக்ஸ்டென்ஷன்கள் தானாகவே அப்டேட் ஆகிவிடும், விற்றவர் யார் வாங்கியவர் யார் என்று யாரும் வந்து சொல்லப் போவதில்லை.

ஆள் சிக்கியதும் அணைத்து வைப்பதோடு நிறுத்தாமல் நீக்கிவிடுங்கள், அப்புறம் தேடுபொறியைப் பழையபடி மாற்றுங்கள்.

படி 3: நீக்கும் பட்டனே இல்லை என்றால்

உங்கள் நிறுவனம் இந்த பிரௌசரை நிர்வகிக்கிறது என்ற மாதிரி ஒரு வரி மெனுவில் தெரிகிறதா? அலுவலகக் கணினி என்றால் இதில் கை வைக்காதீர்கள், ஐடி ஆட்களிடம் சொல்லுங்கள். சொந்தக் கணினி என்றால், இலவச மென்பொருள் எதையாவது நிறுவும்போது அதோடு ஒட்டிக்கொண்டு வந்த ஏதோ ஒன்று பாலிசியை, அதாவது பிரௌசர் இப்படித்தான் இயங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் விதியை, எழுதி வைத்திருக்கலாம் (சில ஆன்டிவைரஸ்களும் நியாயமான காரணத்துக்கு எழுதும், அதையும் நினைவில் வையுங்கள்).

விண்டோஸில் நிறுவிய ஆப்களின் பட்டியலைத் தேதி வாரியாக அடுக்கி, தொல்லை ஆரம்பித்த சமயத்தில் வந்ததை முதலில் நீக்குங்கள். அதற்கும் போகவில்லை என்றால் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடம்) பாலிசீஸ், கூகுள், குரோம் என்ற வரிசையில் இருக்கும் பதிவுகளைப் பார்க்க வேண்டியிருக்கும். எக்ஸ்போர்ட் செய்து பிரதி எடுக்காமல் அங்கே எதையும் அழிக்கக் கூடாது, பழக்கமில்லை என்றால் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

படி 4: திரும்பி வருகிறதா?

சிங்க் (ஒரே கணக்கில் உள்ள கணினிகளின் பிரௌசர் அமைப்புகளை ஒன்றாக வைத்திருக்கும் வசதி) இயக்கத்தில் இருந்தால் இன்னொரு கணினியிலிருந்து அதே எக்ஸ்டென்ஷன் திரும்ப வந்துவிடலாம், அங்கேயும் நீக்குங்கள். டெஸ்க்டாப்பில் உள்ள பிரௌசர் ஷார்ட்கட்டின் ப்ராபர்ட்டீஸைத் திறந்து, டார்கெட் வரியின் கடைசியில் ஏதாவது இணைய முகவரி ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 5: ரீசெட்

குரோம் செட்டிங்ஸின் ரீசெட் எக்ஸ்டென்ஷன்களை அணைத்து, தேடுபொறியைப் பழைய நிலைக்குக் கொண்டு வரும். புக்மார்க், கடவுச்சொல் எதுவும் போகாது, குக்கீகள் (நீங்கள் உள்நுழைந்திருப்பதைத் தளங்கள் நினைவில் வைக்க உதவும் சிறு கோப்புகள்) மட்டும் போகும் என்பதால் தளங்களில் மறுபடி உள்நுழைய வேண்டியிருக்கும். குரோமிலேயே உள்ள கிளீனப் கருவியை ஓட்டச் சொல்லும் பழைய விளக்கங்கள் இன்னும் சுற்றுகின்றன, அதை 2023-லேயே எடுத்துவிட்டார்கள். அதைத் தேடிப் போய், கிளீனர் என்ற பெயரில் இன்னொரு தொல்லையை இறக்கிவிடாதீர்கள்.

நீக்கிய எக்ஸ்டென்ஷனுக்கு எல்லாத் தளங்களிலும் உள்ள தகவலைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி இருந்ததென்றால், மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை இப்போதே மாற்றிவிடுங்கள். மிச்சம் வைத்திருக்கும் எக்ஸ்டென்ஷன்களுக்கு, குரோமில் ஒவ்வொன்றின் விவரப் பக்கத்திலும் தள அணுகலை 'கிளிக் செய்யும்போது மட்டும்' என்று மாற்ற முடியும். விளம்பரத் தடுப்பான் மாதிரி ஒன்றிரண்டுக்கு இது ஒத்துவராது, மற்றவற்றுக்குத் தாராளமாகப் போதும்.