மே மாதத்தில் களம், பதிவேட்டில் குளம்: பூங்காப் பராமரிப்பு ஷெட்டுக்கு மக்களோடு சேர்ந்து இடம் பார்ப்பது எப்படி

டெல்டாவில் ஒரு நகராட்சியில் 31 ஆண்டுகள் பூங்கா வேலை பார்த்தேன். தோட்டக்காரனாகச் சேர்ந்து மேற்பார்வையாளனாக ஓய்வு பெற்றேன். இத்தனை காலத்தில் பராமரிப்பு ஷெட்டுக்கு இரண்டு முறை இடம் பார்த்தோம். முதல் முறை யாரையும் கேட்கவில்லை, இரண்டாம் முறை கேட்டோம். அப்போது கற்றுக்கொண்டதை, கவுன்சிலராகவோ பொறியாளராகவோ குடியிருப்போர் நலச் சங்கத்திலோ இருந்து இதே வேலையைச் செய்யப்போகும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன்.

முதல் இடத்தை மே மாதத்தில் பார்த்தோம். வெடித்துக் கிடந்த திடல், ஒரு ஓரத்தில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். வாடகை இல்லை, எதிர்ப்பும் இல்லை என்று கொட்டகை போட்டுவிட்டோம். ஐப்பசி அடைமழையில் அங்கே முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. குவித்து வைத்திருந்த இலைக்குப்பையும் எருவும் மிதந்து பக்கத்துத் தெருவுக்குள் போயின. மறுநாள் காலை டிராக்டரை மறித்து நின்றவர்களில் ஒரு பெரியம்மா என்னிடம், “ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்போமே தம்பி, அது குட்டை என்று” என்றார். அந்த ஒரு வார்த்தையை நாங்கள் கேட்கவில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. விடிந்து பார்த்தால் சாலையெங்கும் மரங்கள். அறுக்க வேண்டிய சங்கிலி ரம்பங்கள் ஷெட்டுக்குள் இருந்தன. ஷெட்டுக்குப் போவதற்கு இருந்தது ஒரே ஒரு சந்து, அதை ஒரு தூங்குமூஞ்சி மரம் அடைத்துக்கொண்டு கிடந்தது. ரம்பத்தை எடுப்பதற்காகக் கோடரியால் அந்த மரத்தை வெட்டினோம். அரை நாள் அதிலேயே போனது. அதன்பிறகுதான் ஷெட்டை மாற்றுவது என்று முடிவானது. இந்த முறை மக்களிடமிருந்து தொடங்க வேண்டும் என்று அலுவலகத்தில் மன்றாடினேன்.

மக்களிடம் போகும்போது இடத்தைக் கொண்டு போகாதீர்கள், வேலையைக் கொண்டு போங்கள். “உங்கள் தெருப் பக்கம் ஷெட் வருகிறது” என்று தொடங்கினால் அந்தத் தெரு முழுவதும் ஒரே குரலில் வேண்டாம் என்றுதான் சொல்லும். சொல்ல வேண்டியதும் அதுதான், ஏனென்றால் வருவது என்னவென்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்கள் ஒரு நாள் கணக்கை ஒரே தாளில் எழுதினோம். காலை ஐந்தரைக்கு எத்தனை பேர் வருகிறார்கள், மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள் எப்போது வெளியே போகின்றன, புல்வெட்டும் இயந்திரத்தை எத்தனை மணிக்கு முடுக்குகிறோம், தண்ணீர் லாரி எத்தனை நடை போகிறது, பெட்ரோல் எவ்வளவு இருப்பு வைக்கிறோம், பூச்சிமருந்து எங்கே பூட்டியிருக்கிறது, வெட்டிய கிளை எத்தனை நாள் கிடக்கும். எதையும் மறைக்கவில்லை. பூச்சிமருந்தை எழுத வேண்டாம் என்று ஒருவர் சொன்னார். எழுதியதால்தான் மீதியை நம்பினார்கள்.

அந்தக் கணக்கை எழுதும்போது எங்களுக்கும் ஒன்று தெளிவானது. பூங்காக் கழிவைத் தனியாகச் சேகரித்து, கூடுமானவரை அந்தந்தப் பூங்காவிலேயே மட்க வைக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லியிருந்தன. அதன்படி நடந்தாலே ஷெட்டுக்கு வரும் குப்பையில் பெரும்பகுதி குறைந்துவிடும். தேவைப்படும் இடமும் சுருங்கும். வேலையில் குறைக்க முடிந்ததைக் குறைத்துவிட்டு இடம் தேடுங்கள்.

அடுத்தது பதிவேடு. மக்களைக் கூட்டுவதற்கு முன்பே நகர நில அளவைப் பதிவேட்டையும், நில எல்லைகளைக் காட்டும் புலப்படத்தையும் எடுத்துவைத்துக்கொண்டு உட்காருங்கள். நம் பகுதியில் மே மாதத்தில் களமாகத் தெரிவது பதிவேட்டில் குளமாக இருக்கும். குளம், குட்டை, வாய்க்கால், அவற்றின் கரை எல்லாவற்றையும் பட்டியலிலிருந்து அப்போதே அடித்துவிடுங்கள். மனைப்பிரிவுகளில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய திறந்தவெளியையும் தொடாதீர்கள். அவற்றைக் காக்கவே 1959 முதல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. பூங்காவைப் பராமரிக்கப் பூங்காவையே விழுங்குவது எந்த வகையிலும் சரியல்ல. கோயில் நிலம் என்றால் அறநிலையத் துறையின் அனுமதி இல்லாமல் பேச்சே எடுக்க வேண்டாம். கொடுக்க முடியாத இடத்தைக் காட்டிவிட்டுப் பிறகு இல்லை என்று சொன்னால் மறு கூட்டத்துக்கு யாரும் வரமாட்டார்கள்.

இனி, யாரைக் கேட்பது. இதில்தான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. வார்டு விஷயங்களை மக்களோடு பேச வார்டு குழுவும் பகுதி சபையும் 2022 முதல் இருக்கின்றன, தீர்மானம் அங்கேதான் வர வேண்டும். ஆனால் சபைக்கு வந்து மைக் பிடிப்பவர் எந்தத் தெருக்காரர் என்று பாருங்கள். நம் ஊர்களில் தெருக்கள் சாதியால் பிரிந்து கிடக்கின்றன. ஷெட், குப்பைக் கிடங்கு, கழிவுநீர் நிலையம் என்று எது வந்தாலும் அது காலனி ஓரத்துக்கே போகிறது, காரணம் அங்கிருந்து மனு எழுதி வருபவர் குறைவு. எதிர்ப்பு வராத இடத்தை நல்ல இடம் என்று கணக்கில் எழுதிவிடுகிறோம். இது அநியாயம். ஒவ்வொரு தெருவிலும் தனித்தனியாகக் கூட்டம் போடுங்கள், அவர்கள் வீட்டு வாசலுக்கு நீங்கள் போங்கள். ஏற்கெனவே அந்தத் தெருவைச் சுற்றி என்னென்ன இருக்கின்றன என்பதையும் வரைபடத்தில் குறியுங்கள். எங்கள் வரைபடத்தில் ஒரே காலனியைச் சுற்றி மூன்று புள்ளிகள் விழுந்தன. நான்காவதை அங்கே வைக்கலாம் என்று அந்த வரைபடத்துக்கு முன்னால் நின்று யாராலும் சொல்ல முடியவில்லை.

வேலை செய்பவர்களையும் மறக்காதீர்கள். பெண் தொழிலாளர்கள் கேட்டது இரண்டே: தண்ணீர் வரும் கழிப்பறை, விடியலில் பயமில்லாமல் நடந்து வர விளக்குள்ள பாதை.

கூட்டத்துக்கு நாள் குறிப்பதில் கவனம் வேண்டும். முகூர்த்த நாள் கூடாது, சம்பா நடவும் தை அறுவடையும் நடக்கும் வாரங்கள் கூடாது, குழாயில் தண்ணீர் வரும் நேரம் கூடவே கூடாது. எங்களுக்கு மாலை நான்கரை மணி, அங்கன்வாடி வாசல் சரியாக அமைந்தது. பெண்கள் வந்தார்கள். தண்ணீர் எங்கே நிற்கும் என்பது பெண்களுக்குத்தான் தெரிகிறது, வீட்டுக்குள் வந்த தண்ணீரை இறைத்தவர்கள் அவர்கள்தானே.

பிறகு எல்லோருமாக நடந்து போய் பதிவேட்டைப் பார்த்து அடித்தது போக மிச்சமிருந்த நான்கு இடங்களையும் பார்த்தோம். இதை மழைக்காலத்தில் செய்யுங்கள். ஐப்பசி கார்த்திகையில் இரண்டு நாள் விடாத மழைக்கு மறுநாள் மிகவும் நல்லது. மின்கம்பத்தில், மதில் சுவரில், மதகில் தண்ணீர் ஏறிய உயரத்தை ஊர்க்காரர்களையே சுண்ணாம்பால் கோடு போடச் சொல்லுங்கள். ஒரு மூதாட்டி 1977 நவம்பர் புயல் வெள்ளத்தில் தண்ணீர் நின்ற படியைக் காட்டினார். எங்கள் பொறியாளர் தம்பி அந்தப் படியிலிருந்து மட்டம் எடுத்துத் தரை உயரத்தைக் குறித்தார். நான்கில் ஒரு இடம் அன்றே கழிந்தது. வண்டி வெளியே போக இரண்டு வழி இருக்கிறதா என்றும் அங்கேயே பாருங்கள். கஜாவுக்குப் பிறகு எனக்கு இதில் விட்டுக்கொடுப்பு கிடையாது.

மீதி மூன்று இடங்களிலும் சுண்ணாம்புப் பொடியால் ஷெட்டின் அளவை முழுதாகத் தரையில் வரைந்தோம். படத்தில் பார்ப்பது வேறு, தன் வேப்பமரத்திலிருந்து ஆறு தப்படியில் சுவர் வருகிறது என்று நின்று பார்ப்பது வேறு. டிராக்டரை டிரெய்லரோடு கொண்டுவந்து திருப்பிக் காட்டினோம். ஒரு இடத்தில் மூன்று முறை முன்னும் பின்னும் எடுக்க வேண்டியிருந்தது, பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அது முடியாது என்று பார்த்தவர்களே சொல்லிவிட்டார்கள். ரம்பத்தைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அவரவர் வீட்டுக்குள் போய்க் கேட்டுவிட்டு வரச் சொன்னோம். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று ஒலி மாசு விதிகள் எல்லை வைத்திருக்கின்றன. ஆனால் தன் வீட்டுத் தொட்டிலருகில் நின்று கேட்ட ஒரு தாய் சொன்னதுதான் எங்களுக்கு வழி காட்டியது. “ஏழு மணிக்கு மேல் என்றால் பரவாயில்லை அண்ணே.” வெயில் காலத்தில் ஆட்கள் விடியலிலேயே தொடங்கியாக வேண்டும். எனவே கைக்கருவிகள் ஐந்தரைக்கு, இயந்திரங்கள் ஏழுக்குப் பிறகு என்று பிரித்தோம். அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தால் இந்த ஏற்பாடு எங்களுக்குத் தோன்றியே இருக்காது.

எந்த இடம் வேண்டும் என்று கை தூக்கச் சொல்லாதீர்கள். ஆள் அதிகமுள்ள தெரு ஆள் குறைந்த தெருவின் தலையில் கட்டிவிடும். வெள்ளம், சத்தம், நாற்றம், வண்டி, பிள்ளைகளின் பாதுகாப்பு என்று ஐந்து தட்டு வைத்து, வீட்டுக்குப் பத்துப் புளியங்கொட்டை கொடுத்து, எதைப் பற்றிக் கவலை அதிகமோ அதில் அதிகம் போடச் சொன்னோம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அதில் சமமாகக் கலந்துகொண்டார்கள். நாங்கள் நாற்றம் என்று நினைத்துக்கொண்டு போனோம். கொட்டைகள் குவிந்தது வண்டித் தட்டில்.

முடிவெடுத்த பிறகு ஒரு வேலை இருக்கிறது, பலரும் விட்டுவிடுவது. வந்த ஒவ்வொரு கருத்துக்கும் எதிரே, ஏற்றோமா இல்லையா, ஏன் என்று எழுதி ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள். பாதிக்கப்படுபவர்களுக்கு முடிவின் காரணத்தைத் தெரிவிப்பது 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவிலேயே உள்ள கடமை, யாரும் 10 ரூபாய் கட்டி மனு போடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எங்களால் ஏற்க முடியாதவையும் இருந்தன. மதில் சுவரைப் பன்னிரண்டு அடிக்கு உயர்த்தக் கேட்டார்கள், பணம் இல்லை. வேலியோரம் நொச்சியும் ஆடாதொடையும் நெருக்கி நடுகிறோம் என்று எழுதினோம், நட்டோம்.

ஷெட் திறந்த பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதே அங்கன்வாடி வாசலில் கூடுங்கள். முதல் அடைமழைக்கு மறுநாள் குடையோடு போய், சுவரில் போட்ட சுண்ணாம்புக் கோட்டுக்கும் தண்ணீருக்கும் எத்தனை விரற்கடை இடைவெளி என்று ஊர்க்காரர்களோடு சேர்ந்து பாருங்கள். ஏழு மணிக்கு முன் ரம்பச் சத்தம் கேட்டால் கூப்பிட வேண்டிய எண்ணை வாசல் பலகையில் பெரிதாக எழுதுங்கள். மேற்பார்வையாளர் மாறும் அன்றைக்கே அந்த எண்ணையும் மாற்றி எழுதிவிடுங்கள்.