சின்னச் சங்கத்தின் கோப்புகளைக் குறைந்த செலவில் கிளவுட்டுக்கு ஏற்றும் வழி

பரந்தன் – முல்லைத்தீவு வீதியில், தருமபுரத்துக்குக் கிட்ட உள்ள ஒரு சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். எங்களிடம் 2009க்கு முந்திய பேரேடு ஒன்றுகூட இல்லை. மீளக்குடியமர்ந்த பிறகு, அங்கத்தவர்கள் சொப்பிங் பைக்குள் சுற்றிக் காப்பாற்றிக் கொண்டுவந்த பாஸ் புத்தகங்களை வைத்துத்தான் யாருக்கு எவ்வளவு சேமிப்பு என்று திரும்ப எழுதினார்கள். பாஸ் புத்தகமும் தொலைந்தவர்களுக்குக் காட்ட ஒன்றும் இருக்கவில்லை. அதனால்தான் சங்கக் கோப்புகளின் ஒரு பிரதி இந்த மண்ணுக்கு வெளியே, கிளவுட் என்கிற இணையச் சேமிப்பில், இருந்தே ஆகவேண்டும் என்று விடாப்பிடியாக நிற்கிறேன். பெரிய காசு தேவையில்லை. வேலை செய்கிற ஒரு கணினி, ஓரளவு நல்ல கமரா உள்ள கைத்தொலைபேசி, ரவுட்டர், வெளி ஹார்ட்டிஸ்க் ஒன்று, இவை இருந்தால் போதும்.

முதலில் கணக்கு யாருடையது என்பதைத் தீர்மானியுங்கள். பல சங்கங்களில் கணக்கெழுதும் பிள்ளையின் சொந்த ஜீமெயிலில்தான் எல்லாம் கிடக்கிறது. பிள்ளை கலியாணம் கட்டி வெளிநாடு போனால் சங்கத்தின் கோப்புகளும் கூடவே போய்விடும். பகிர்ந்து வைத்திருக்கிறோமே என்று நினைப்பீர்கள். ஆனால் கூகுளின் இணையச் சேமிப்பான கூகுள் ட்ரைவில் கோப்பு ஏற்றியவருக்கே சொந்தம், அவர் அழித்தால் உங்களுக்கும் இல்லை. ஆகவே சங்கத்தின் பெயரிலேயே புதிதாக ஒரு கணக்குத் திறந்து, அதைக் கூட்டத்தில் சொல்லி, கூட்டறிக்கையிலும் எழுதுங்கள். மீட்பதற்கான தொலைபேசி இலக்கம் சங்கத்தின் சிம்மாக இருக்கட்டும். இரண்டு கட்டச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு போனிலும் உறுதிப்படுத்தும் முறை) போட்டதும், அவசரத்துக்கென்று 10 குறியீடுகள் எடுத்து வைக்கலாம். அவற்றை அச்செடுத்து உறையில் ஒட்டி, பொருளாளரின் அலுமாரியில் வையுங்கள். போன் தொலைந்தாலும் உள்ளே போக அதுதான் வழி.

கூகுள் ஒரு கணக்குக்கு 15 ஜீபி இலவசமாகத் தருகிறது. மின்னஞ்சலும் படங்களும் அதற்குள்தான் அடங்கும். வண் ட்ரைவில் 5 ஜீபி, ட்ரொப்பொக்ஸில் 2 ஜீபி. எங்கள் மாதிரி இடத்துக்கு 15 ஜீபி தாராளம். ஸ்கான் செய்த ஒரு பக்கம் அரை எம்பி என்றே வைத்தாலும் 200 பக்கப் பேரேடு 100 எம்பிதான். அப்படி 150 புத்தகம் ஏற்றலாம். காசு கட்டி 100 ஜீபி எடுக்கச் சொல்பவர்கள் இருப்பார்கள். அதற்கு வங்கி அட்டை வேண்டும், சங்கத்திடம் அது இராது, யாரோ ஒருவரின் அட்டையைக் கொடுப்பீர்கள். அவர் நிறுத்தினால் புதிதாக ஒன்றும் ஏற்ற முடியாது; அளவுக்கு மேலேயே இரண்டு வருடம் கிடந்தால் கோப்புகள் நீக்கப்படவும் கூடும். இலவச அளவுக்குள் நிற்பதே பத்திரம் என்பது என் எண்ணம்.

அதற்குள் நிற்க வேண்டுமானால் களை பிடுங்க வேண்டும். கணினியில் கோப்புகளை அளவின்படி அடுக்கிப் பாருங்கள். மேலே வருவதெல்லாம் பயிற்சிப் பட்டறைப் படங்களும் வட்ஸ்அப் வீடியோக்களுமாக இருக்கும். ஒரே படம் மூன்று போல்டரில் கிடக்கும். நிகழ்வுக்கு நாலைந்து நல்ல படம் வைத்துக்கொண்டு மற்றதை ஹார்ட்டிஸ்க்குக்கு மாற்றுங்கள். அங்கத்தவர் பதிவேடு, கடன் பேரேடு, கூட்டறிக்கை, வங்கிக் கூற்று, இவைதான் முதலில் ஏற வேண்டியவை. பெயர் வைக்கும்போது வருடத்தை முன்னால் போடுங்கள்: ‘2023-04 கடன் பேரேடு’. அப்போது தானாகவே வரிசையில் நிற்கும். சாய்கோடு போட்டுத் திகதி எழுத விண்டோஸ் விடாது.

இனி எங்கள் பக்கத்து அலுவலகங்களுக்கே உரிய சிக்கல்: பாமினி. பழைய கடிதங்கள், பட்டியல்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை. அதை அப்படியே ட்ரைவில் ஏற்றி வேறொரு போனில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த ஒன்றுதான் தெரியும். தேடினாலும் வராது, ஏனென்றால் கணினியைப் பொறுத்தவரை அது தமிழே இல்லை. முடிந்துபோன கடிதங்களையும் அறிக்கைகளையும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். பாமினி உள்ள கணினியிலேயே திறந்து பீடிஎஃப் ஆகச் சேமியுங்கள். எழுத்துரு உள்ளேயே பதிந்துவிடுவதால் எங்கும் சரியாகத் தெரியும். கோப்பின் பெயரை யுனிகோட் தமிழில் (எந்தக் கணினியிலும் போனிலும் தமிழாகவே தெரிகிற முறை) வைத்தால் பெயரைக் கொண்டு தேடிப் பிடிக்கலாம்.

நாளாந்தம் பாவிக்கும் அங்கத்தவர் பட்டியலை மட்டும் யுனிகோடுக்கு மாற்றியே ஆகவேண்டும். இங்கே கவனம். எக்செல் தாளை முழுதாகப் பிடித்து, பாமினியை யுனிகோடாக்கும் மாற்றிச் செயலியில் போடாதீர்கள். பழைய அடையாள அட்டை இலக்கத்தின் கடைசியில் வரும் ‘வீ’ (V) என்ற ஆங்கில எழுத்து, பாமினியில் ‘ஏ’ வரும் விசை. மாற்றிக்கு வித்தியாசம் தெரியாது; ஒன்பது இலக்கத்துக்குப் பின்னால் ‘ஏ’ என்று போட்டுவிடும். நூற்றுக்கணக்கான வரிகளில் அப்படி நடந்தால் யாரும் உடனே கவனிக்கமாட்டார்கள். வங்கிக்கோ பிரதேச செயலகத்துக்கோ பட்டியல் அனுப்பும்போதுதான் தெரியவரும். பெயர் நிரலை மட்டும் தெரிவு செய்து, மாற்றி, திரும்ப ஒட்டுங்கள். மாற்றிய பிறகு இரண்டு பேர் உட்கார்ந்து, ஒருவர் பழையதை வாசிக்க மற்றவர் புதியதைப் பார்க்கட்டும்.

கையால் எழுதிய புத்தகங்களுக்கு ஸ்கானர் வாங்கத் தேவையில்லை. போனில் கூகுள் ட்ரைவைத் திறந்து கூட்டல் குறியை அழுத்தினால் ஸ்கான் வரும். காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் மேசையைப் போட்டு, பிளாஷ் இல்லாமல் எடுங்கள். பக்கத்தின் நடுமடிப்பில் நிழல் விழுந்தால் கடைசி நிரலில் உள்ள தொகை மறைந்துபோகும். புத்தகத்தை நன்றாக விரித்து ஒருவர் பிடிக்க மற்றவர் எடுப்பதே வசதி. ஒரு புத்தகத்துக்கு ஒரு பீடிஎஃப்.

ஏற்றும் வேலையை இரவுக்கு வையுங்கள். பல பக்கேஜ்களில் நள்ளிரவுக்குப் பிறகு பாவிக்கவென்றே தனி டேட்டா இருக்கிறது. பெரும்பாலும் அது பாவிக்கப்படாமலே மாதம் முடியும். வேகத்தையும் முன்கூட்டியே கணக்குப் பார்க்கலாம்: அப்லோட் 2 எம்பிபிஎஸ் கிடைத்தால் 1 ஜீபி ஏற ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேலே எடுக்கும். எங்கள் பக்கம் டவர் தூரமென்றால் அதிலும் குறையும். கணினியில் கூகுள் ட்ரைவ் செயலியை நிறுவி ‘மிரர்’ முறையை (கணினியிலும் ட்ரைவிலும் ஒரே பிரதி இருக்கும்) தெரிவு செய்தால், கரண்ட் போய்த் திரும்ப வந்தாலும் மிச்சத்தைத் தானே தொடரும். கோப்பு கணினியிலும் இருப்பதால் திறக்கிற ஒவ்வொரு முறையும் டேட்டா செலவாகாது. எல்லாம் ஏறியதும் போல்டரில் எத்தனை கோப்பு என்று இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள். பிறகு வேறொரு போனில் உள்நுழைந்து நாலைந்தைத் திறந்து பாருங்கள். அதுவரை பழைய பிரதியில் கை வைக்க வேண்டாம்.

மிரர் முறையில் ஒன்றை மறக்கக்கூடாது. கணினியில் அழித்தால் ட்ரைவிலும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும், அதோடு சரி. ஆகவே மாதக் கணக்கு முடித்ததும் வெளி ஹார்ட்டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து, கழற்றி, அலுவலகத்துக்கு வெளியே ஒரு வீட்டில் வையுங்கள். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எத்தனை வீட்டுக்குள் தண்ணீர் வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ஹார்ட்டிஸ்க்கைப் பொலித்தீனில் சுற்றி உயரமான தட்டில் வைக்கச் சொல்லுங்கள்.

பகிரும்போது ‘இணைப்பு உள்ள எவரும்’ என்பதைத் தொடவே வேண்டாம். யார் எவ்வளவு கடன் எடுத்தார், எத்தனை தவணை கட்டவில்லை என்பது ஊருக்குள் போனால் ஒரு குடும்பத்தின் மானம் போகும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நாட்டில் இருக்கிறது. தலைவி, செயலாளர், பொருளாளர் மூவரின் மின்னஞ்சலுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். கணக்காய்வுக்கு வருபவருக்குப் பார்க்கும் அனுமதி மட்டும் கொடுத்து, வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். நிர்வாகம் மாறும் பொதுக்கூட்டத்தன்றே கடவுச்சொல்லையும் மாற்றுங்கள்.

கடன் ஒப்பந்தம், பிணையாளர் கையொப்பம் உள்ள தாள்களை ஸ்கான் பண்ணிவிட்டோம் என்று எரிக்கக்கூடாது. வழக்கு என்று வந்தால் அசலைத்தான் கேட்பார்கள். ஒவ்வொரு கோவையின் மேலட்டையிலும் ட்ரைவில் அதற்கு என்ன பெயரோ அதையே பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அலுமாரியில் தேடுபவரும் கணினியில் தேடுபவரும் ஒரே பெயரைத் தேடினால் போதும்.